ஒரு மணி நேர வேலைக்கு முழுநாள் கூலியா?
(யூபிலி விழாவில் ஆற்றிய உரை)



விவிலியத்தைத் தவறாமல் வாசிக்கிறவர்களுக்கே ஒரு சங்கடம் உண்டு. ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடம் மறுப்பதுபோல் தோன்றும். நீதிமொழிகள் 26-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மூடனுக்கு அவன் போக்கில் பதில் சொல்லாதே என்கிறது 4-ஆம் வசனம். சொல் என்கிறது 5-ஆம் வசனம். அடுத்தடுத்த வசனங்கள்! தொகுத்தவர் கவனியாமல் விட்டார் என்று நினைக்க இடமில்லை. பேசாமல் போகவேண்டிய வேளையும் உண்டு, வாயடைக்க வேண்டிய வேளையும் உண்டு. வள்ளுவரும் அப்படித்தான். விதியைவிட வலியது ஏது என்று 380-ஆம் குறளில் கேட்டவர், தளராமல் முயல்பவர் அந்த விதியையே வெல்வார் என்று 620-ஆம் குறளில் சொல்கிறார். அதற்காகக் குறளை யாரும் மூடி வைத்துவிடவில்லை.

தறிச் சத்தத்தின் நடுவே வாழும் நமக்கு இதைவிடக் கடினமான பகுதி ஒன்று உண்டு. மத்தேயு 20-ஆம் அதிகாரத்தின் திராட்சைத் தோட்ட உவமை. விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு தெனாரியம். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கையில் வந்தவனுக்கும் ஒரு தெனாரியம். மீட்டர் கணக்கில் கூலி வாங்கும் விசைத்தறிக்காரருக்கும், பீஸ் ரேட்டில் தைக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கும் இது நியாயமாகப் படுமா? படாது. போதாக்குறைக்கு, என் பொருளை என் விருப்பப்படி செய்ய எனக்கு உரிமையில்லையா என்று கேட்கிறார் தோட்டக்காரர். இந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்தால், “கொடுத்ததை வாங்கிக்கொண்டு போ” என்பவருக்கு விவிலியமே சாட்சி சொன்னதாகிவிடும். வேலையாளுக்குக் கூலி உரிமை என்று லூக்கா 10:7 சொல்கிறதே, அது என்னாவது?

சற்று முன்னே புரட்டுங்கள். 19:27-இல் இராயப்பர், அதாவது இன்றைய விவிலியத்தின் பேதுரு, எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்கிறார். அந்தப் பேச்சின் தொடர்ச்சிதான் உவமை. விண்ணரசைப் பற்றிச் சொன்னதே தவிர, கூலிச் சட்டமாகச் சொன்னதல்ல. ஒரு பகுதி எவ்வகை எழுத்து என்று பார்க்கவும், முழு விவிலியத்தோடு சேர்த்து வாசிக்கவும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இறை வெளிப்பாடு பற்றிய ஏட்டில் (எண் 12) கேட்டுக்கொண்டது.

அதற்காக, உவமைதானே என்று கதையின் விவரங்களைத் தள்ளிவிடலாகாது. தெனாரியம் அன்று ஒரு நாள் கூலி. ஒரு குடும்பத்தின் அன்றைய கஞ்சி. மாலை வரை சந்தைவெளியில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். எவரும் எங்களை வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். ஆர்டர் குறைந்த மாதங்களில் அந்த நிற்பு எப்படியிருக்கும் என்று திருப்பூர்ப் பக்கத்தாருக்கு நான் சொல்லவேண்டுமா?

இன்னொன்று. மாலையானதும் கூலியைக் கொடுக்கச் சொல்கிறார் தோட்டக்காரர். நமக்குச் சனிக்கிழமை, அவர்களுக்கு அன்றன்றே. ஏழைக் கூலியாளுக்குப் பொழுது அடையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது இணைச்சட்டம் 24:15. பேசிய கூலியில் அவர் ஒரு காசும் குறைக்கவில்லை. கொடுக்கவேண்டியதைக் கொடுத்த பிறகே, கூடுதலாகக் கொடுக்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறார். குறைத்துக் கொடுக்க நினைப்பவருக்கு அந்த வரியில் இடமே இல்லை. இப்படி வாசித்தால், பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்னும் யாக்கோபு 5:4-ம் இதனோடு மோதவில்லை. 1891-இல் தொழிலாளர் நிலை பற்றிச் சுற்றுமடல் எழுதிய பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் எடுத்தாண்டதும் அந்த வசனத்தைத்தான்.

பகல் முழுதும் வெயிலில் வாடியவனின் முணுமுணுப்பை மட்டும் பொறாமை என்று சொல்லி எளிதில் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. தோட்டக்காரரும் அவனைத் “தோழரே” என்றுதான் அழைக்கிறார். அவன் என்ன பதில் சொன்னான் என்று உவமை சொல்வதில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பான்? அடுத்த அன்பியக் கூட்டத்தில், ஷிப்டு முடிந்து வருகிறவர்களையும் வைத்துக்கொண்டு, இதைப் பேசிப் பாருங்கள்.