விமானம் கழன்றதா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்பில் 'தி பிளேன் டுக் ஆஃப்' என்ற வரிக்கு ஒரு மாணவி, "விமானம் கழன்றது" என்று பொருள் சொன்னாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவள் ஆங்கில வகுப்பில் தானாக வாய் திறக்கவில்லை. அன்று மாலை அவள் நோட்டைத் திருத்தும்போதுதான் பார்த்தேன்: 'டேக் ஆஃப் – கழற்று.' கரும்பலகையில் அதை எழுதிப்போட்டவன் நான்தான். தவறு அவளுடையது அன்று.

ஃப்ரேசல் வெர்ப் என்றதும் நாம் பட்டியல் கொடுக்கிறோம். ஆனால் 'டேக் ஆஃப்' ஒரே பொருளில் நிற்பதில்லை. செருப்பு என்றால் கழற்றுதல். விமானம் என்றால் மேலெழுதல். வியாபாரம் என்றால் சூடுபிடித்தல். ஆள் என்றால் சட்டென்று கிளம்பிப் போதல். 'டேக் மண்டே ஆஃப்' என்றால் திங்கட்கிழமை விடுப்பு.

இது நம் பிள்ளைகளுக்குப் புதிதா? பேருந்தைப் பிடித்தேன், சளி பிடித்தது, பாட்டு பிடித்தது, மழை பிடித்துக்கொண்டது. எந்தக் குழந்தையும் இவற்றில் குழம்புவதில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்தே பொருளை அறிந்துகொள்கிறது. அந்தத் திறமையை ஆங்கில வகுப்புக்கும் அழைத்து வருவதே நம் வேலை.

நான் இப்போது பட்டியல் தருவதில்லை. இரண்டு கேள்விகள் கேட்கிறேன். யார் அல்லது எது? எதை? 'எதை' என்பதற்கு 'ஷூஸ்' என்று விடை வந்தால் கழற்றுதல். விடையே இல்லாமல் விமானம் மட்டும் நின்றால் மேலெழுதல்.

சொல் நிற்கும் இடத்தையும் அப்போதே காட்டலாம். 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்', 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் 'தெம்' வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: 'டேக் தெம் ஆஃப்'. 'டேக் ஆஃப் தெம்' என்பது பிழை.

நாளை உங்கள் வகுப்பிலும் ஒரு விமானம் கழலலாம். சிரிக்காதீர்கள். "செருப்பு எதை விட்டு விலகுகிறது? விமானம் எதை விட்டு விலகுகிறது?" என்று கேளுங்கள். காலை விட்டு, தரையை விட்டு என்று பிள்ளையே சொல்லும். மறுநாளும் அது கை தூக்கும்.