கண்மாய் மீன் யாருக்குச் சொந்தம்?

(கண்மாய்க் கரையில் நடந்த கூட்டத்தில் பேசியது)



பங்குனி பிறந்துவிட்டது. தண்ணீர் வற்றி மடைப்பக்கம் ஒதுங்கிவிட்டது. இந்த நாளில் ஊர்ப் பெரியவர் துண்டை வீசுவார். ஊத்தா, வலை, பழைய சேலை என்று கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு நாமெல்லோரும் கண்மாயில் இறங்குவோம். பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைத்துத் தின்ன வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. (அந்தச் சேற்றிலும் சாதி பார்த்த ஊர்கள் உண்டு, அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.)

போன வருஷம் என்ன நடந்தது? மீன்பாசி ஏலம் எடுத்தவர் மோட்டார் வைத்து, இரவோடு இரவாகக் கிடைத் தண்ணீரை இறைத்துவிட்டார். அவருக்கு மீன் அகப்பட்டது. நம் மாடுகளுக்குக் குடிதண்ணீர் அகப்படவில்லை. கேட்டால், "பணம் கட்டி எடுத்தேன், குஞ்சு வாங்கி விட்டேன், மீன் என்னுடையது" என்கிறார்.

இதைக் கொஞ்சம் அலசிப் பார்ப்போம். அவர் விட்டது கட்லா, ரோகு, மிர்கால். இவை ஆற்று மீன்கள். தேங்கிய தண்ணீரில் தாமாகக் குஞ்சு பெருக்குவதில்லை. முன்னெல்லாம் ஆற்று வெள்ளத்தில் குஞ்சு சேகரித்துத்தான் குளங்களில் விட்டார்கள். 1957 இல் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி வழியாகச் செலுத்தி முட்டையிடச் செய்தார். பண்ணைக் குஞ்சுக்கு வழி பிறந்தது அதனால்தான். ஆகவே குஞ்சுக்குக் காசு செலவு என்பது மெய். அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் விராலுக்கு யார் குஞ்சு வாங்கி விட்டார்? அது தன் குஞ்சுகளைத் தானே கூட்டமாகக் காத்து வளர்க்கிறது. கெளுத்தியும் குரவையும் கெண்டையும் புதுத் தண்ணீரோடு வரத்துக்கால் வழியே ஏறி வருகின்றன. அந்த வரத்துக்காலைத் தூர் எடுப்பவர்கள் நாம்தானே? அந்த மீனுக்கும் ஏலச் சீட்டா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. 1952 இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை, தானே பெருகி நாட்டு மீனின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டது. அதைவிடக் கொடியது ஆப்பிரிக்கக் கெளுத்தி. தடை செய்யப்பட்ட மீன் இது. மீன் குஞ்சையும் தவளையையும் விட்டுவைக்காது. லாபத்துக்கு ஆசைப்பட்டு ஒருவர் விட்டால், குத்தகை முடிந்து அவர் போய்விடுவார், கெளுத்தி போகாது.

வலை இழுக்கும் கூலிக்காரர்கள் மீது நமக்குக் கோபம் வேண்டாம். அவர்களும் நம் ஊர்க் குடும்பங்கள். இடுப்பளவு சேற்றில் நிற்பவர்கள் அவர்கள், எடை போட்டுப் பணம் எண்ணுகிறவர் வேறு. அவர்களும் சேர்ந்த ஒரு கூட்டுறவுச் சங்கம் குத்தகை எடுக்கட்டும். கிடைத் தண்ணீரில் மோட்டார் வைக்கக் கூடாது, மடை திறக்கும் நாளை ஆயக்கட்டு விவசாயிகளே தீர்மானிக்க வேண்டும், கடைசி மீன்பிடி ஊருக்கு என்று ஏல நிபந்தனையிலேயே எழுத வேண்டும்.

மனு தயாராக இருக்கிறது. ஏல அறிவிப்பு வருமுன் வீட்டுக்கொரு கையெழுத்து வேண்டும். தாய்மார்கள் தனியாகவும் போடுங்கள். குடம் சுமப்பவர்கள் நீங்கள்தான்.