மூட்டுக்குள்ளே சாகும் செல்கள்: முடக்குவாதம் பற்றி

"மூட்டுவலியா? அது வயசானவங்க சமாச்சாரம்"னு நாம எல்லாரும் கேட்டிருப்போம். முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அப்படி இல்லை. இருபதுகளிலும் முப்பதுகளிலும்கூட வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். இது தேய்மானம் கிடையாது. நம்ம நோய் எதிர்ப்பு அமைப்பே நம்ம மூட்டைத் தாக்குது.

இன்னைக்கு அந்தத் தாக்குதல்ல சாகிற ஒரு செல்லைப் பத்திப் பேசப்போறேன். பேரு காண்ட்ரோசைட். குருத்தெலும்புல இருக்கிற ஒரே வகைச் செல் இதுதான். மொத்தக் கன அளவுல சில சதவீதம்தான் இருக்கும். ஆனா கொலாஜனை உருவாக்கி, குருத்தெலும்பைப் பராமரிக்கிறது இந்தச் சின்னக் கூட்டம்தான். அங்கே ரத்தக்குழாய் கிடையாது. சாப்பாடு மூட்டுத் திரவம் வழியா ஊறித்தான் வரணும்.

நோய் வந்தா அதே திரவத்துல வெள்ளையணுக்கள் குவியும். கிருமியைக் கொல்ற ஆயுதங்களான சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாத்தையும் கொட்டும். இங்கேதான் கிருமியே இல்லையே! அடி நம்ம செல்லுக்கு விழுது. இன்னொரு பக்கம், டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 மாதிரியான அழற்சிப் புரதங்கள் அந்தச் செல்லையே நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்க வைக்கும். அது சூப்பர் ஆக்சைடோட சேர்ந்தா பெராக்சிநைட்ரைட். இன்னும் மோசமான சரக்கு.

சமாளிக்கச் செல்லிடம் குளூட்டாதயோன், கேட்டலேஸ்னு பாதுகாப்பு உண்டு. தாக்குதல் அதை மீறும்போது வர்றதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். மைட்டோகாண்ட்ரியா பழுதாகும், கேஸ்பேஸ் நொதிகள் விழிக்கும், செல் தன்னைத்தானே முடிச்சுக்கும். போன குருத்தெலும்பு பழையபடி வளர்றதில்லை.

"அப்போ ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போட்டா போதுமே?" போதாது. அழற்சிதான் ஊற்று, அதை அடைக்காம வழியுற தண்ணியைத் துடைச்சுப் பயனில்லை. 1992இல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் டிஎன்எஃப்பைத் தடுக்கிற மருந்தை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. சிகிச்சையின் போக்கே மாறிச்சு. பெரும்பாலும் முதல் மருந்தா இன்னைக்கும் கொடுக்கிறது மெத்தோட்ரெக்சேட். சிகிச்சையைச் சீக்கிரம் ஆரம்பிச்சா மூட்டு தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

அதனால, காலையில எழுந்ததும் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல விறைச்சு நிக்குதா? விரல் மூட்டுகள் வீங்கி, வாரக்கணக்கா வத்தலையா? "டைப் பண்ணி டைப் பண்ணி வந்த வலி"ன்னு தள்ளிப்போடாதீங்க. ருமட்டாலஜிஸ்ட்டைப் பாருங்க. சிகரெட் பிடிச்சா விட்டுடுங்க. அது இந்த நோய்க்கான ஆபத்தைக் கூட்டும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.