பசையென்று ஒதுக்கிய அணுக்கள்



சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய பெரியவர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கத்தி பிசகாத அந்தக் கை, மடியில் சும்மா இருக்கும்போதே நடுங்குகிறது. “வயசாச்சு, அப்படித்தான்” என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். அது பார்க்கின்சன் எனும் நடுக்குவாதமாக இருக்கலாம். மூளையில் டோப்பாமின் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால் வரும் நோய் இது.

அந்த அணுக்களைக் காப்பாற்ற வழியுண்டா? நரம்பணுக்களைச் சுற்றித் துணை அணுக்கள் இருக்கின்றன. 1856-இல் ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ அவற்றுக்கு ‘நியூரோகிளியா’ என்று பெயரிட்டார். ‘கிளியா’ என்றால் கிரேக்கத்தில் பசை. ஒட்டிவைக்கும் பசைதானே என்று பலரும் ஒதுக்கிவிட்டார்கள்.

ஆனால், அந்தப் ‘பசை’ புரதங்களைச் செய்து வெளியே விடுகிறது. மங்கில் வடிந்த பாலைச் சோதிப்பது போல, இந்த அணுக்கள் வளர்ந்த திரவத்தை எடுத்துச் சோதிக்கிறார்கள். 1993-இல் அமெரிக்காவில் லின், காலின்ஸ் குழுவினர் எலியின் துணை அணுக்கள் விட்ட திரவத்திலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். ஆய்வுக்கூடத்தில் டோப்பாமின் அணுக்களை அது வாழவைத்தது. அதன் பெயர் ஜிடிஎன்எஃப்.

பிறகென்ன, மருந்து கிடைத்துவிட்டதா? இல்லை. அந்தப் புரதம் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, விழுங்கினால் செரித்துவிடும். மண்டையோட்டில் துளையிட்டுக் குழாய் வழியாகத்தான் செலுத்தவேண்டும். 2003-இல் பிரிஸ்டல் நகரில் ஐந்து நோயாளிகள் தேறினார்கள். அடுத்து 34 பேரிடம் நடந்த சோதனையில் போலி மருந்தைவிடப் பெரிய பலன் தெரியவில்லை, 2004-இல் நிறுத்தப்பட்டது. 41 பேர் பங்கேற்ற பிரிஸ்டல் ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. மூளைப் படங்களில் மாற்றம் தெரிந்தும், நோயாளிகளின் அசைவில் எதிர்பார்த்த வேறுபாடு கிட்டவில்லை. இப்போது அந்தப் புரதத்தை மூளையே செய்துகொள்ளுமாறு மரபணுவை உள்ளே செலுத்திப் பார்க்கிறார்கள்.

இதில் நமக்கென்ன பாடம்? துளையிட்டுச் செலுத்தியும் பிடிபடாததை, ‘மூளைக்கான புரதப் பொடி’ என்று ஒருவர் பொட்டலத்தில் விற்றால் நம்பிப் பணத்தை விடாதீர்கள். கை நடுங்கினால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோயை வேரறுக்க முடியாவிட்டாலும், நடுக்கத்தையும் விறைப்பையும் தணிக்கும் லெவோடோப்பா மருந்து இருக்கிறது.

பீடோங் பக்கம் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளே, தாத்தாவின் கை நடுக்கத்துக்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. தேட ஆள் வேண்டும்.