கணக்குக் காட்டுக, பின்னர் வரி கேட்க!
(நிலாவெளியில் ஆற்றிய உரை)



கட்டடங்கள் நெருங்கிய பகுதிகளில் ஆண்டுப் பெறுமதியின்மீது ஆதன வரி விதிக்கும் உரிமையை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளுக்கு அளித்துள்ளது. அவ்வுரிமையை நாம் மறுக்கவில்லை. வரியின்றி வீதி விளக்கு எரியாது, குப்பையும் அகலாது.

ஆயினும் 2023 மார்ச் மாதம் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6இல் தேர்தல் நடைபெறும்வரை அதிகாரிகளே ஆண்டனர். வரி கொடுத்த நமக்காகச் சபையிற் கேள்வி கேட்க ஒருவருமில்லை.

இன்று பிரதிநிதிகள் உளர். வரியை உயர்த்த எண்ணினால், குச்சவெளிப் பிரதேச சபை முதலில் அக்காலத்து வரவு செலவை ஊரறிய வைக்கட்டும். கடற்கரை விடுதியின் மதிப்பீடு வேறு. உழவனின் வீட்டு மதிப்பீடு வேறு. மதிப்பீடு பிழையெனின் எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

வரியும் கொடுப்போம், கணக்கும் கேட்போம்.