ராணிப்பேட்டைக் கிட்டார்

கிட்டார் கற்க வருகிற பையன்கள் இப்போது முதலில் கேட்பது, ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெடலைப் பற்றித்தான். காட்பாடியில் என்னிடம் படிக்க வரும் ஒரு தம்பி, "மாஸ்டர், இந்தப் பெடல் வாங்கினா அந்த சவுண்டு வந்துடுமா?" என்றான். வராது தம்பி. வரவே வராது. அந்த நாதம் இடது கை விரலிலிருந்து வர வேண்டும்.

விரலை விட்டுவிட்டு வெளிப் பளபளப்பைத் தேடும் இந்த மோகம் இன்று நேற்று வந்ததில்லை. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கிளாம் ராக் கொடிகட்டிப் பறந்தது. ஜிகினாச் சட்டை, முகத்தில் சாயம், உயரமான பூட்ஸ். பாடகர் டேவிட் போவியின் பக்கத்தில் நின்று கிட்டார் வாசித்த மிக் ரான்சனை இன்றும் அந்த ஜிகினாவோடுதான் நினைக்கிறார்கள். ஆனால் ஹல் நகராட்சியில் தோட்ட வேலை பார்த்தவர் அவர். சிறுவயதில் பியானோவும் வயலினும் படித்தவர். போவியின் 'லைஃப் ஆன் மார்ஸ்' பாட்டில் வயலின் கூட்டத்துக்கு இசை அமைத்தது அவர்தான். வா-வா பெடலைக்கூட ஓயாமல் மிதிக்க மாட்டார். பாதியில் நிறுத்திவைத்து, அந்த ஒரு குரலிலேயே வாசிப்பார். 1993இல், 46 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ரான்சனை இத்தோடு விடுகிறேன். நான் பேச வந்தது நம்ம ராணிப்பேட்டைக்காரரைப் பற்றி. பிரசன்னா. கிட்டார் பிரசன்னா.

நம்ம பக்கம் பதனிட்ட தோல் எந்தெந்த ராக் மேடையில் ஜாக்கெட்டாக நிற்கிறதோ தெரியாது. நம்ம ஊர்க்காரரோ கச்சேரியில் ஜிப்பா போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். மடியில் கிட்டார். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டு, பாஸ்டன் போய் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தவர். கர்நாடக சங்கீதம் கற்றது திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் வயலின் கலைஞர் கன்யாகுமரி அம்மாவிடமும். அவருக்கு முன்பே சுகுமார் பிரசாத் மின்கிட்டாரில் கச்சேரி செய்திருக்கிறார். ஆனாலும் என் காது பிரசன்னாவிடம்தான் போய் நிற்கிறது.

ஏன்? இழுப்பு. அந்த இழுப்பு.

தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும். வீணையில் மெட்டுகள் உயரம், தந்தியை இழுக்க இடமுண்டு. கிட்டாரில் ஃப்ரெட்டுகள் தாழ்ந்தவை. பக்கவாட்டில் இழுத்தால் சுருதி மேலேதான் ஏறும், கீழே இறங்காது. அப்போது மேலிருந்து இறங்குவது எப்படி? தந்தியை முதலிலேயே சத்தமில்லாமல் இழுத்துப் பிடித்து, அதன் பிறகு மீட்டி, மெல்லத் தளர்த்த வேண்டும். எவ்வளவு இழுத்தோம் என்று காது சொல்லாது, மீட்டும்வரை விரலுக்கு மட்டும்தான் தெரியும். மறுபடி சொல்கிறேன்: விரலுக்கு மட்டும்தான் தெரியும். இதோடு ஒரே தந்தியில் மேலும் கீழும் வழுக்கிப் போவதும் உண்டு. போகிற வழியில் ஒவ்வொரு ஃப்ரெட்டும் படிக்கட்டு மாதிரி தட்டக் கூடாது. இந்துஸ்தானி கலைஞர் விஸ்வமோகன் பட் கிட்டாரைக் கிடத்தி, உலோகத் துண்டைத் தந்திமேல் நகர்த்தி வாசிப்பார்; அதில் வழுக்கல் தானாக வரும். பிரசன்னாவுக்கு அந்தச் சலுகை இல்லை. வெறும் விரல்.

ராக்கை அவர் விட்டுவிடவும் இல்லை. 2006இல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்று ஒரு தொகுப்பு போட்டார். ராக் கிட்டார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 1968ஆம் வருட 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' நினைவில்லாமல் அந்தப் பெயர் வருமா? ஆனால் ஹெண்ட்ரிக்ஸ் பாட்டுகளைத் திருப்பி வாசிக்கவில்லை. எல்லாம் சொந்த உருப்படிகள், கூடவே நம்ம தாள வாத்தியங்கள். 'டார்க் சண்டே இன் டிரிப்ளிகேன்' என்று ஒன்று. சண்டே என்றால் ஐஸ்கிரீம் சண்டே! திருவல்லிக்கேணியில் ராக் கிட்டார் உறுமுவதைக் கேட்க வேண்டுமானால் அதைக் கேளுங்கள்.

ஆஸ்கர் வாங்கிய 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படத்துக்கு இசை, பியானோ கலைஞர் விஜய் ஐயரோடு 2011இல் 'தீர்த்தா' தொகுப்பு, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஸ்வர்ணபூமி இசைப் பள்ளி என்று பட்டியல் நீளும். எனக்கு அவையெல்லாம் இரண்டாம்பட்சம். வேகமாக ஓடும் இடங்களைக்கூடச் சில சமயம் தள்ளிவிட்டுத்தான் கேட்பேன். வேகத்துக்கு உலகத்தில் ஆள் நிறைய. விளம்ப காலத்தில் அவர் ஒரு ராகத்தைப் பிடித்து இழுக்கும் இடத்தைத்தான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக்காட்டுகிறேன். இரண்டு நிமிஷத்தில் மொபைலை எடுத்துவிடுகிறார்கள், அது வேறு விஷயம்.