இணையவழிக் கல்வியும் மாணாக்கர் மனமும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் ஈண்டுப் பேச எடுத்துக்கொண்டது, 2020ஆம் ஆண்டில் நம் கல்லூரி மாணாக்கர் உற்ற மனத்துயர் பற்றியதாகும். அக்காலம் கழிந்தது; அத்துயரும் முற்றக் கழிந்ததென்று யாம் எண்ணுகின்றிலேம்.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிற் கொரோனா நோயின் பொருட்டுக் கல்லூரிகள் மூடப்பெற்றன. 25ஆம் நாள் தொட்டு நாடு முழுதும் ஊரடங்கு நிலவிற்று. சின்னாளில் மீள்வோம் என்றெண்ணி, ஒரு பையோடு விடுதியினின்றும் புறப்பட்ட பிள்ளைகள் பலர். வகுப்புகளோ கைப்பேசித் திரைக்குட் புகுந்தன. இறுதித் தேர்வு உண்டோ இலதோ என்னும் ஐயம், ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தேர்வின்றிப் பட்டம் இல்லை எனத் தீர்ப்பளிக்குங்காறும் அவர் நெஞ்சை அலைத்தது. தமிழ்நாட்டில் இறுதியாண்டினர்க்கு டிசம்பரிலும், ஏனையோர்க்கு 2021 பிப்ரவரியிலும் கல்லூரிகள் திறந்தன. இரண்டாம் அலையால் அவை மீண்டும் மூடப்பெற்றன.

2021 ஜனவரி முதல் நான்கு திங்கள், நாளொன்றுக்கு 2 ஜிபி இணையத் தரவை அரசினர் கல்லூரி மாணாக்கர்க்கு விலையின்றி நல்கினர். அது நற்செயலே. ஆயினும், தரவினால் தீராத குறை ஒன்று இருந்தது.

நம்மிடம் பள்ளியிற் பயின்று கல்லூரி புக்க மாணாக்கன் ஒருவன், வகுப்பில் ஒருபொழுதும் முகங் காட்டுவதில்லை என்று கேள்வியுற்றோம். அவனை அழைத்து, “வீட்டிலிருந்தே கற்கும் வாய்ப்புப் பெற்றும் சோம்புகின்றனையோ?” என்று கடிந்தோம். அவன் தலைகுனிந்து, “ஐயா, எங்கள் வீடு ஒற்றை அறை. காமிராவைத் திறந்தால், வேலையிழந்து படுத்திருக்கும் அப்பாவை வகுப்பு முழுவதும் பார்க்குமே” என்றான். யாம் நாணினோம். சோம்பல் என்று யாம் கருதியது, தந்தையின் மானங் காக்கும் செயலாயிருந்தது. நம் பெண்மக்கள் நிலையோ இதனினும் அரிது; செவியிற் பாடமும் கையிற் கரண்டியுமாக நின்றோர் எத்துணையர்!

நன்னூலார், மாணாக்கன் ஆசிரியனிடமிருந்து பெறுவது காற்பங்கே என்றும், உடன் கற்பாரோடு பயில்வதனாற் பிறிதொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதனால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் பொதுப்பாயிரத்தில் வகுத்தார். திரை தந்தது முதற் காற்பங்கே. மரநிழலில் ஐயந் தெளிதலும், தோழன் தோளிற் கைவைத்துத் தோல்வியை மறத்தலும் திரையில் ஏது? ஆசிரியரும் இருண்ட கட்டங்களை நோக்கிப் பேசி வருந்தினர். தொலைவூரார்க்குப் பேருந்துச் செலவு மிஞ்சியது உண்மை. தனிமை அதனினும் மிகுந்தது.

ஆதலின், அன்பர்களே, நாம் செயற்பாலன மூன்று. அக்காலத்துப் பட்டம் பெற்றாரைக் ‘கொரோனா பட்டதாரி’ என்று எள்ளுதல் ஒழிக. நம் சங்கக் கட்டடத்தின் ஓர் அறை, மாலைதோறும் எல்லாப் பிள்ளைகளும் கூடிப் படித்தற்குத் திறக்கப்படுக. மூன்றாவதாக, பிள்ளையைக் கடியுமுன் காரணம் வினவுக. இம்மூன்றாவதனை யாம் காலந்தாழ்த்தே கற்றோம். நீவிர் முன்னரே கற்பீராக.